தனியா நிக்க முடியுதுங்களா?

இடுப்பெலும்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன் என்று தெரிந்ததும் ஆட்கள் முதலில் வலியைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப ஆரு பாத்துக்கிடுகா?" என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டவரின் பஸ் போய்விடும். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை.

நான் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு சுசீந்திரத்துக்குப் பக்கத்தில். மனைவி கிரேஸ் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் ஜெபா, பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் வீட்டில் அவளும் மருமகனும் பிள்ளையும், படுத்த படுக்கையாக இருக்கும் அவளுடைய மாமியாரும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், மகள் வீட்டுக்குப் போயிருக்கலாமே என்று வாசிக்கிறவர்கள் நடுவில் கேட்பீர்கள்.

விழுந்தது குளியலறையில். சோப்புத் தண்ணீரை நான்தான் கழுவி விடாமல் வைத்திருந்தேன். லாட்ஜில் ரூம் பையன் அப்படி விட்டிருந்தால் அவன் காது கிழியப் பேசியிருப்பேன். வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாகவும் பட்டது. போன் சட்டைப் பையில் இருந்தது, சட்டை ஆணியில் தொங்கியது. கூப்பிட்டுப் பார்த்தேன். ரோட்டில் பஸ் போகிற சத்தம்தான் கேட்டது. வாஷ்பேசினுக்கு அடியில் துருப்பிடித்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பால் கொண்டுவரும் தங்கம், பாத்திரம் வெளியே வைக்கவில்லையே என்று வீட்டைச் சுற்றி வந்து கூப்பிட்ட பிறகுதான் எனக்கு ஆள் கிடைத்தது. அதுவரைக்கும் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. அன்று முழுக்க என்னைத் தேட வேண்டிய காரணம் பால்காரியைத் தவிர உலகத்தில் யாருக்கும் இல்லை என்பது மட்டும் அங்கே கிடக்கும்போது நன்றாகப் புரிந்தது. மகளிடம் இதை நான் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டார்கள். எங்கள் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வார்த்தை உண்டு, பைஸ்டாண்டர். நோயாளிக்குத் துணையாக நிற்கிறவருக்கு அந்தப் பெயர். மருந்துக்கடைக்கு ஓட, சீட்டை எடுத்துக்கொண்டு பணம் கட்டப் போக, கையெழுத்துப் போட, நோயாளி தூங்கும்போது குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். எக்ஸ்ரே அறையில் கேட்டார்கள், பைஸ்டாண்டர் எங்கே என்று. ரத்தம் எடுக்க வந்தவள் கேட்டாள். இருதயத்தை எக்கோ எடுக்கக் கொண்டுபோன இடத்தில் கேட்டார்கள். கூட வந்திருந்த தங்கம் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினாள். கடைசியில், "அண்ணாச்சி, எனக்க மாடு கறக்காம நிக்கி" என்று அழுகிற குரலில் சொன்னாள். போகச் சொன்னேன். அதற்குப் பிறகு ஜெபா ரயிலில் வந்து இறங்கும்வரை என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த சொந்தக்காரர்கள் நாற்காலி போதாமல் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒடிந்தது என்ன என்பதைப் பெரிய டாக்டர் தன் கைமுட்டியைக் காட்டி விளக்கினார். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழலும். தலைக்குக் கீழே கழுத்துப் போல ஒரு பகுதி. எனக்கு அந்தக் கழுத்து முறிந்திருந்தது. முறிந்தால் பந்துக்கு ரத்தம் போவது நின்றுவிடும், வயதானவர்களுக்கு அது மறுபடி ஒட்டுவது கஷ்டம். அதனால் பந்தை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை, ஆனால் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் யாரோ கட்டில் பூட்டுவது போலச் சுத்தியல் சத்தம். அது என் எலும்பில் விழுகிறது என்று புரிந்தபோது கிரேஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். நர்ஸ் பிறகு ஜெபாவிடம், "கிரேஸ் நீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

ஜெபா இருந்த நாட்கள்தான் அந்த ஆஸ்பத்திரியில் நல்ல நாட்கள். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வயிற்றில் தினமும் ஓர் ஊசி. ஒரே பக்கம் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பார்கள். அவள் வந்தபிறகு அதற்கெல்லாம் எனக்கு வெட்கம் வந்தது, வெட்கப்பட ஓர் ஆள் இருப்பதும் நன்றாக இருந்தது. சின்னப் பிள்ளையில் நான் அவளுக்கு நகம் வெட்டுவேன். இப்போது அவள் என் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக வெட்டினாள். எனக்குப் பிடித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் எங்கிருந்தோ வாங்கிவந்து, முள் எடுத்து ஊட்டினாள். பைஸ்டாண்டருக்கான சின்னக் கட்டிலில் மடங்கிப் படுத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்து போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்த் தணிந்த குரலில் பேசினாள். வரும் போன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அவள் கிளம்பும் நாள் நெருங்குகிறது என்பதை நான் அதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து எங்கே என்ற பேச்சை அவள்தான் எடுத்தாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்குத் திரும்பிப் போய், என் கட்டிலில் படுத்து, கதவை நானே பூட்டித் திறக்க வேண்டும். அவளுக்கு அது முடிகிற காரியமாகப் படவில்லை. விசாரித்து வந்ததை எனக்குச் சொன்னாள். நானும் பிறகு விசாரித்தேன். உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. ஹோம் நர்ஸ் என்பார்கள். பெயரில்தான் நர்ஸ். பலர் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவர்கள், சிலர் அதுவும் இல்லாதவர்கள். ஊசி போடுவார்களா, டயப்பர் மாற்றுவார்களா, சமைப்பார்களா, அவர்கள் ஊருக்குப் போகும் நாளில் மாற்று ஆள் வருவாரா என்பதையெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். பகலில் மட்டும் வந்துபோகிறவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவைத்தால் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்துப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. முதியோர் இல்லங்களில் இரண்டு வகை. எழுந்து நடந்து தன் காரியத்தைத் தானே பார்ப்பவர்களை மட்டும் எடுப்பவை ஒரு வகை. படுக்கையில் கிடப்பவர்களையும் எடுப்பவை மற்றது. அவை குறைவு, செலவும் அதிகம். இன்னொன்று, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஜெபாவின் அலுவலகக் காப்பீடு கைகொடுத்தது. ஆனால் எங்களுக்கு இருந்த காப்பீடு ஆஸ்பத்திரி வாசலோடு சரி. வீட்டில் பார்த்துக்கொள்ள வருகிற ஆளுக்கு அதிலிருந்து ஒரு காசு கிடைக்கவில்லை. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

என்னை எந்த வகையில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். ஆபரேஷன் முடிந்த மறுநாளே நிற்க வைப்பார்கள். என்னையும் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். எழுந்ததும் என் பிரஷர் சடாரென்று இறங்கும், கண் இருண்டு வரும், இரண்டு பேர் தாங்கிப் படுக்க வைப்பார்கள். மருந்தை மாற்றினார்கள். படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குள் ஜெபாவின் விடுப்பு தீர்ந்தது. தக்கலைப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு நல்ல இல்லத்தில் இடம் இருக்கிறது, ஆனால் நடமாடுகிறவர்களைத்தான் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ராத்திரி ரயிலுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஓர் இளம் டாக்டர் வந்தார். ஈரோட்டுப் பக்கத்துப் பையன், புதிதாகச் சேர்ந்தவர். பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார், பயிற்சி கொடுப்பவரும் விடுமுறையில் இருந்தார். நான் விடிந்ததிலிருந்து ஜெபா படுத்திருந்த காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு, இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவார்களோ என்ற ஒரே யோசனையில் கிடந்தேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, தனியா நிக்க முடியுதுங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தப் பையனிடமும் மகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளா!

"பின்ன? எனக்க பொண்டாட்டி போன பெறவு தனியாத்தான டாக்டரே நிக்கேன். ஒரு பயமும் இல்ல. இனியும் நிப்பேன்."

"ரொம்ப சந்தோசமுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யாரோ ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தந்த கஞ்சியை முழுசாகக் குடித்தேன்.

பிற்பகலில் ஜெபா போனில் கூப்பிட்டபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. டாக்டர் பேசினாராம், அப்பா நன்றாகத் தேறிவிட்டார் என்றாராம். தக்கலையில் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டாளாம், நாளைக்கே சேர்த்துக்கொள்கிறார்களாம். கூடப் போக ஏஜென்சியிலிருந்து ஓர் ஆள் வருகிறாராம். வீட்டுக்குப் போகிறேன் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். கடைசியில் அழுதுவிட்டாள். நான் சரி என்றேன்.

கூட வந்தவர் செல்லப்பன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அன்று காலைதான் என்னை முதன்முதலாகப் பார்க்கிறார். சக்கர நாற்காலியில் தள்ளி, காரில் தூக்கி உட்கார வைத்தார். ஆபரேஷன் ஆனவர்களை அப்படித்தான் அனுப்புவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இல்லத்து வராந்தாவில் பொறுப்பு சிஸ்டர் எங்களை அன்பாக வரவேற்றார். அறை தயாராக இருக்கிறது என்றார்.

"ஐயா, எழும்பி நில்லுங்க, பாப்போம். நடந்தே போலாம்."

எழும்பினேன். வராந்தாத் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செல்லப்பன் கக்கத்தில் கை கொடுத்துப் பிடித்திராவிட்டால் இரண்டாவது இடுப்பும் போயிருக்கும். கண் தெளிந்தபோது சிஸ்டர் என் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து, நிற்கிறார் என்று டாக்டரே சொன்னாரே என்று ஜெபா வாதாடுவது எனக்கே கேட்டது. போனை என்னிடம் கொடுத்தார்கள்.

"அப்பா, டாக்டர் ஒங்ககிட்ட கேட்டது எழும்பி நிக்கதயா, வீட்டுல நிக்கதயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் நிற்பது என்றால் இருப்பது, தங்குவது, வாழ்வது எல்லாமும்தான். பிள்ளை மாமா வீட்டில் நின்று படிக்கும். மருமகன் துபாயில் நிற்பான். விருந்துக்கு வந்தவர்களிடம் எத்தனை நாள் நிப்பிய என்று கேட்போம். ஈரோட்டுப் பையனுக்கு நிற்பது கால் சம்பந்தப்பட்ட விஷயம். இத்தனைக்கும் வாழ்நாள் முழுக்க லாட்ஜில் வெளியூர்க்காரர்களிடம் 'எத்தனை நாள் தங்குறீங்க' என்று மாற்றிப் பேசிப் பழகியவன் நான். தேவைப்பட்ட ஒரு நாளில் அந்தப் பழக்கம் கைவிட்டுவிட்டது.

சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்தேன், செல்லப்பனும் சிரித்தார். சிரித்து முடித்ததும் சிஸ்டர் என் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கெடப்புல உள்ளவங்களப் பாக்க இங்க ஆளில்ல ஐயா. ஒங்கள வச்சுக்கிட்டு நாங்க கீழ போட்டிருவோம். தன்னால நடக்கத் தொடங்குனா சொல்லுங்க, எடம் தாறோம்."

நானும் முன்மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் அறை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பெட்டியும் படுக்கையுமாக அந்த வராந்தாவில், போக இடமில்லாதவனாக, கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த இல்லத்தில் இருந்த நாலைந்து பேர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள். அவர்களிடத்திலும் எனக்கு இடமில்லை.

இப்படித்தான் நான் ஆசைப்பட்ட என் வீடு எனக்குக் கிடைத்தது. செல்லப்பன் கூடவே தங்கினார். முன்னறையில் கட்டிலைப் போட்டு, கழிவறையில் உயரமான இருக்கை வைத்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி அடித்தோம். புது மூட்டு வைத்தவர்கள் சம்மணம் போடக்கூடாது, குந்தக்கூடாது, குனிந்து தரையிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு எழும்ப வேண்டும். சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கினாள். தலைசுற்றல் மெல்ல மெல்லக் குறைந்தது. செல்லப்பன் குளிப்பாட்டுவார், கறி வைப்பார், சாயங்காலம் என்னோடு செய்தி பார்த்துக்கொண்டு எல்லாக் கட்சியையும் ஏசுவார். எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று. சொல்லப்போனால் கிரேஸ் போனபிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டது அப்போதுதான்.

நான் வாக்கர் இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் செல்லப்பனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டது ஏஜென்சி. அதுதான் அவர் பிழைப்பு. போகும்போது, "அண்ணாச்சி, ஒளுங்கா இருங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஆள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் போனான். செலவும் கையை மீறிக்கொண்டிருந்ததால் வேறு ஆள் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து நான் கேட்டது போலவே தனியாக இருந்தேன். கதவை நானே பூட்டினேன், நானே திறந்தேன். பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். குளியலறைக்குப் போனால் போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். ஜெபா காலையிலும் மாலையிலும் கூப்பிடுவாள். நான் எடுக்கத் தாமதித்தால் தங்கத்தின் போனுக்கு அடிப்பாள். ஒரு நாள் நான் தூங்கிவிட்டேன். தங்கம் கதவைத் தட்டித் தட்டி, ஊரைக் கூட்டி, பூட்டை உடைக்க ஆள் வந்த பிறகுதான் எழுந்தேன். பெங்களூரில் ஜெபா அலுவலகத்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். இதை மருமகன்தான் எனக்குச் சொன்னான்.

போன வாரம் அவள் வந்தாள். சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம்ப்பா என்று தக்கலைக்கு மறுபடி கூட்டிப்போனாள். இந்தத் தடவை வாசலிலிருந்து என் காலிலேயே நடந்து போனேன். சிஸ்டர் சந்தோஷமாகக் கை தட்டினார். எனக்குக் காட்டிய அறையில் என் தொழில் புத்தியைக் காட்டினேன். போர்வையை முகர்ந்து பார்த்தேன், தலையணை உறையைத் திருப்பினேன், குழாயைத் திறந்தேன், கழிவறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா என்று பார்த்தேன். ஆள் அழைக்கும் பொத்தான் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அமுக்கிப் பார்த்தேன், ஒரு பெண் உடனே ஓடி வந்தாள். குறை சொல்ல ஏதாவது கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் நானே பேச்சை எடுத்தேன். அறை நன்றாக இருக்கிறது, அங்கேயே வந்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றேன். அவளைச் சோதிப்பதற்காகச் சொன்னேனா, மனதாரச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. வேண்டாம்ப்பா, உங்களுக்கு நம்ம வீடுதான் சரி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. சொன்னாலும் கேட்காமல் இல்லத்துக்கே போயிருப்பேன். அந்த வார்த்தை மட்டும் வேண்டியிருந்தது. பார்வதிபுரம் தாண்டும்வரை காத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் இறங்கியதை, இத்தனை மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டதை நான் பார்த்தேன்.

"தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

பெற்ற பிள்ளை அப்பாவுக்கு நன்றி சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவளைப் படிக்க வைத்ததற்குச் சொன்னதில்லை, கட்டிக்கொடுத்ததற்குச் சொன்னதில்லை. சரி மக்கா என்று சொல்லிவிட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.